சுத்து நோம்பி

"சிக்கிக்கிட்டதைப் புடிச்சு இழுக்காதீங்கடா, சுத்தி இருக்கறதைச் சூடு பண்ணுங்க, அது தானா உட்டுரும்" என்று பெரியமாமா சொன்னது சென்னியப்பனுக்கு நினைவிருந்தது. அதற்குப் பின்னால் அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார் என்பதும் நினைவிருந்தது. அந்த வாக்கியம் என்ன என்பது மட்டும் எப்படி யோசித்தாலும் வரவில்லை. மாமா அதை எந்திரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பங்காளிகள் ஒரு கிணற்றுக்காக அடித்துக்கொண்ட பஞ்சாயத்தில், கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிய, முறுக்கிக்கொண்டு நின்ற ஒருவனை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று சொன்னார்; மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒருவன் கிணற்றுமேட்டில் ஏறிக் குதிக்கப்போவதாகக் கத்த, எல்லோரும் எழுந்து ஓட, மாமாவின் குரல் அந்தக் கூச்சலில் கரைந்துபோயிற்று. பின்னால் மஸ்கட்டில் கப்பல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய காலமெல்லாம், இறுகிப்போன ஒவ்வொரு பேரிங்கின் முன்னாலும் முதல் பாதி தானாக வாயில் வரும், மறுபாதி வராது. முதல் பாதியே வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அவன் பட்டறை மேசைமேல், மஞ்சள் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் உள்ளங்கைக்குள் மூடிவிடக்கூடிய ஓர் எஞ்சினை வைத்திருந்தார்கள். அதன் அலுமினியக் கூட்டுக்குள், விசிறித் தண்டு சுழல்வதற்காக முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு எஃகு பேரிங்குகள் இருந்தன. இரண்டும் துரு ஏறி, கூட்டோடு கூடாக இறுகிக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் விமானம் மறுபடி பறக்கும், பறந்தால் அண்ணன் நாச்சிமுத்து பிழைத்துக்கொள்வார் என்று ஆவரங்காட்டுப்புதூர் மொத்தமும் சொன்னது. சென்னியப்பனும் அதைத்தான் நம்பினான்.

அந்தப் பொம்மை விமானம் முதன்முதலில் எழும்பியது ஒரு சுதந்திர தினத்தன்று, பள்ளிக்கூட மைதானத்தில். பாலிடெக்னிக் பட்டறையில் உதவியாளராக இருந்த நாச்சிமுத்துவுக்கு, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு நுனியில் விமானம், மறு நுனியில் கைப்பிடி. பிடித்தவர் நடுவில் நின்று விமானத்தோடு சேர்ந்து சுற்றவேண்டும், கையைச் சாய்த்தால் அது ஏறும், இறங்கும், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு வழி கிடையாது. உள்ளே ஊற்றிய எண்ணெய் ஒரு சினிமாப் பாட்டு முடியும் நேரத்தில் தீர்ந்துபோகும், தானாக இறங்கிவிடும். அன்று கொடி ஏற்றி, தலைமையாசிரியர் பேசி, நாச்சிமுத்து விமானத்தைக் கிளப்பினார். பாட்டு முடிந்தது. விமானம் இறங்கவில்லை. அடுத்த பாட்டும் முடிந்தது. மிட்டாய் கொடுத்து முடித்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் நாச்சிமுத்து நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டேய் நாச்சி, எறக்குடா, வெயில் ஏறுது."

"எண்ணெ தீரட்டும்ங்க."

எண்ணெய் தீரவில்லை. தரையில் மோதவிடப் பார்த்தார். குளிக்கப் பயந்த நாய் குளத்துப் படியில் இருந்து துள்ளுவதுபோல, புல்லைத் தொட்டதும் அது மேலே எகிறியது. கைப்பிடியை விட்டுவிடலாம், ஆனால் விட்டால் அந்த விசிறி எந்த வாசலில் எந்தப் பிள்ளையின் கழுத்தில் போய் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அவர் விடவில்லை. மாலையில் வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாச்சிமுத்துவோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாத்துப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிப் போனார். காலையிலும் அவர் சுற்றிக்கொண்டிருந்தார். பால் கறந்தார்கள், தறி ஓட்டினார்கள், பம்பு கம்பெனிகளின் சங்கு ஊதியது, அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் போல ஊர் வாய் பிளந்து பார்த்தது. பிறகு ஊருக்கு வேலை இருந்தது. அண்ணி மயிலாத்தாள் சாப்பாட்டுத் தட்டோடு கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போய், புருசனோடு சேர்ந்து சுற்றியபடியே சோற்றை உருட்டி வாயில் வைத்துவிட்டு, சுற்றியபடியே வெளியே வரக் கற்றுக்கொண்டாள். நாவிதர் சுற்றியபடி சவரம் செய்யக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் தாடையில் விழுந்த கீறல்கள் போகப்போக நின்றன. நாச்சிமுத்து ஒரு காலை ஊன்றி மறுகாலைச் செலுத்தியபடியே உறங்கக் கற்றுக்கொண்டார். உறங்கும்போதும் விரல்கள் கைப்பிடியை விடவில்லை. தேர்தல் வந்தபோது மை வைக்க வந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரோடு ஓடினாள். மகள் பூரணி பெரியவளானபோது சீரை அவரைச் சுற்றித்தான் வைத்தார்கள், உறவுக்காரப் பெண்கள் தட்டுகளோடு சுற்றிச் சுற்றி வந்து, தலைசுற்றி, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் நாளெல்லாம் பூரணி புத்தகப் பையோடு அப்பாவைச் சுற்றி ஓடியபடியே எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று ஒப்பிப்பாள். முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்றால் அவர் வேகத்துக்கு ஓடவேண்டும், அவள் ஓடினாள்.

ஊர் முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை வாசம், ஏனென்றால் அந்த எஞ்சின் விளக்கெண்ணெய் கலந்துதான் ஓடும். "ஊருக்கே பேதிக்குக் குடுத்தாப்ல இருக்குதப்பா" என்று முதலில் மூக்கைப் பொத்தியவர்கள், பிற்பாடு வெளியூருக்குப் போனால் அந்த வாசம் இல்லாமல் உறக்கம் பிடிக்கவில்லை என்றார்கள். அந்த வருஷம் மழை நின்று பெய்தது. வற்றிக் கிடந்த போர்வெல்களில் தண்ணீர் ஏறியது. விமானத்தின் நிழல் விழுந்த கூரைகளில் தேள் இறங்கவில்லை என்றாள் ஒருத்தி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட பள்ளிக்கூட வாத்தியாரை, "அப்பறம் எதுக்கும் எதுக்கும்ங்க சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தை வேறு இடத்துக்கு மாற்றி, மைதானத்தைச் சுற்றிச் சந்தை போட்டார்கள். கிறுகிறுப்பு வந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், புத்தி ஓரிடத்தில் நிற்காதவர்கள் எல்லாம் வெளியூரில் இருந்து வந்து கம்பியின் நிழலில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். ஆகஸ்ட் மாதத்து அந்த நாள் சுத்து நோம்பி என்ற திருவிழா ஆயிற்று, விளக்கெண்ணெய் ஊற்றி முளைப்பாரி எடுத்தார்கள், கமிட்டி போட்டார்கள், ரைஸ்மில் வையாபுரி தலைவரானார். நாச்சிமுத்துவின் குதிகால் மண்ணைத் துளைத்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் போட்டபோது, ஊர்ப் பம்பு கம்பெனிக்காரர்கள் ஒன்றுகூடி, மோட்டார் பேரிங் மேல் உட்காரவைத்த வட்ட இரும்புத் தட்டு ஒன்றைச் செய்து கொண்டுவந்து அவர் காலடியில் நுழைத்தார்கள். அதன் பிறகு அவர் காலை எடுத்து வைக்கவே தேவையில்லாமல், விமானம் இழுத்த இழுப்புக்குத் தட்டே அவரைச் சுற்றியது. கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். மழைக்கு ஒரு குடை, வெயிலுக்கு ஒரு தலைப்பாகை, குளிருக்கு ஒரு கம்பளி, எல்லாம் வந்தது.

இதையெல்லாம் சென்னியப்பன் மஸ்கட்டில் தொலைபேசியில் கேட்டான். பேசுபவர் யாராக இருந்தாலும் குரலுக்குப் பின்னால் அந்த ரீங்காரம் இருக்கும், நாளாக ஆக அதுதான் வீடு என்று அவனுக்குத் தோன்றியது. வேலை முடிந்து ஊரோடு வந்து சேர்ந்து, சந்தையின் கோடியில் பட்டறை போட்டபோது அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. "வந்துட்டியாடா" என்று ஒரு சுற்றில் கேட்டார், "வந்துட்டேனுங்கண்ணா" என்று இவன் அடுத்த சுற்றில் சொன்னான், "எளச்சுப் போய்ட்டே" என்று அவர் அதற்கடுத்த சுற்றில் சொன்னார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் ரீங்காரம் மெலிந்து, உச்சத்துக்குப் போய், ஊசி உடைந்தமாதிரி நின்றது. அந்த மௌனத்தில் ஊர் நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன, தொட்டில் பிள்ளைகள் அலறின, தறி ஓட்டியவர்களுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விமானம் அலுங்காமல் நலுங்காமல் தக்காளிக் கூடைகளின்மேல் வந்து உட்கார்ந்தது. நாச்சிமுத்து வெறும் கைப்பிடியோடு தட்டின்மேல் இன்னும் சில சுற்று போனார், பிறகு தட்டு நின்றது, அவர் விழுந்தார்.

சென்னியப்பன் அண்ணனை அள்ளிக்கொண்டு ஓடிய நேரத்தில் கமிட்டி எஞ்சினை அள்ளிக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்கு ஓடியது. அங்கே அதற்குப் பால் ஊற்றினார்கள், மஞ்சள் நீர் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள், திருநீற்றைக் கொட்டி மறுபடி பால் ஊற்றினார்கள். பட்டில் சுற்றி, ஈரம் காயாமல் அமாவாசைவரை அம்மன் காலடியில் வைத்துக் குளிர்வித்தார்கள். இத்தனை வருஷம் கொதித்த உடம்பு, குளிர்ந்தால் மறுபடி எழும்பும் என்று நினைத்தார்கள். எந்தப் பேரிங்கைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் மறுநாளே சுழன்றிருக்குமோ, அந்தப் பேரிங் பாலிலும் மஞ்சளிலும் ஊறித் துருவாகி, அலுமினியத்தைக் கவ்விக்கொண்டது. அமாவாசை கழிந்து அதைப் பட்டறைக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தபோது தண்டு ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

வையாபுரி சும்மா இருக்கவில்லை. கோயமுத்தூரில், பெங்களூரில், எங்கெங்கோ சொல்லி அதேபோலப் புது எஞ்சின்கள் வரவழைத்தார். ஒவ்வொன்றையும் மாட்டிக் கிளப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு பாட்டு நேரம் ஓடி, எண்ணெய் தீர்ந்து, எல்லா எஞ்சினும் நிற்பதுபோல நின்றது.

வீட்டில் நாச்சிமுத்துவைக் கட்டிலில் போட்டுத் துண்டால் கட்டியிருந்தார்கள், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார். அசையாத கூரை அவருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. சுவர் சுற்றியது, மயிலாத்தாளின் முகம் சுற்றியது, வாயில் வைத்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குள் இருக்கும் நீர் அடங்கவில்லை, அடங்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். தெருக்காரர்கள் நாலு பேர் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் வட்டமாக ஓடினால் மட்டும் இரண்டு மடக்குக் கஞ்சி உள்ளே தங்கியது. முறை வைத்து வந்து ஓடினார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆட்கள் ஓடும் வேகம் போதவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தார்.

"சென்னி, எப்படா முடியும்?"

"பேரிங் சிக்கியிருக்குதுங்கண்ணா."

"சூடு பண்ணு."

"பண்ணோணும்."

"நான் நிக்கறது எனக்கே கேக்குதுடா" என்றார் நாச்சிமுத்து, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "சுத்தையில ஒண்ணும் கேக்காது. இப்ப எல்லாம் கேக்குது. என்னையக் கொண்டுபோய் அங்கயே உட்ருடா. நின்னுக்கிட்டே சாகறதுக்கு எனக்குப் பயமா இருக்குது."

சென்னியப்பன் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான், டீசலில் ஊறப்போட்டான். தீ ஊதும் புளோ லாம்பை ஒரு பக்கமாகக் காட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் சூடானால் மறுபக்கம் இறுக்கியது. வையாபுரி நாளுக்கு ஒரு தடவை வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங் சென்னியப்பன், சுத்தியல்ல ரெண்டு போட்டாக் கழண்டுக்காதுங்ளா?"

"போட்டாக் கூடு நசுங்கிப்போகும்ங்க. அலுமினியம், இரும்பில்ல. முழுசும் ஒரே சூடா ஏறோணும், அப்பத்தான் கூடு விரியும், பேரிங் தானா விழும். புதுசைப் போடறப்பவும் அப்படித்தானுங், சூடு ஆறறதுக்குள்ள நேரா உக்காரோணும். கோணலா உக்காந்து ஆறிப்போச்சுன்னா கூடு கீறிக்கும். அப்பறம் எந்தக் கொம்பன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப பாத்துப் பண்ணுங்க. நல்ல பேரிங்கா வரவழைச்சுத் தந்திருக்கறேன், துருவே ஏறாத ஜாதியாம். இந்தத் தடவை எம்பட பேரன் காலத்துக்கும் நிக்கப்படாது." வையாபுரி குரலைத் தாழ்த்தினார். "அண்ணனுக்கு முன்ன மாதிரி தெம்பு வருமோ வராதோ, அதையும் ரோசனை பண்ணித்தான் வெச்சிருக்குது. கைப்பிடி சும்மா கெடக்கப்படாதுல்லங்க. குடும்பத்துக்குத்தான் பாத்தியம்னு கமிட்டில ஏகமனதா முடிஞ்சுது. அம்முணிகிட்டயும் கேட்டாச்சு."

"எந்த அம்முணி?"

"நம்ம பூரணிதானுங். சரின்னு சொல்லிப்போடுச்சு. தங்கமான புள்ளை."

சென்னியப்பன் அன்று மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனான். கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் இடத்தில், மண்ணில் ஒரு வட்டம் இருந்தது. பூரணி நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் வேலைக்குச் சேர இருந்தவள். அப்பா விழுந்ததும் போகவில்லை. வட்டத்தின் நடுவில் அவளுடைய ஒரு குதிகால் அளவுக்குக் குழி விழ ஆரம்பித்திருந்தது. ஒரு கையை நீட்டி, முஷ்டியை மூடி, பாவாடை குடையாய் விரிய அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் நிற்கப் பார்த்து, நிற்க முடியாமல், துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வியர்த்திருந்தது, வாய் ஓரத்தில் வாந்தி துடைத்த ஈரம்.

"என்ன கண்ணு இது?"

"தட்டாமாலை சுத்தறேன் சித்தப்பா. சின்னப் புள்ளையில அத்தனை பேரையும் ஜெயிச்சிருக்கறேன், மறந்துட்டீங்ளா?"

"வேலூருக்கு எப்பப் போறே?"

அவள் சிரித்தாள். "எஞ்சின் கிளம்பினதும் அப்பாவை முன்னால நிக்கவெச்சு, நான் பின்னால நின்னு கையோட கையாப் புடிச்சுக்குவேன். அப்பாவுக்கு உசுரு வந்துரும். கை தளர்ந்துச்சுன்னா நான் புடிச்சுக்கறேன். தட்டை எம்பட உசரத்துக்கு ஏத்தி வைக்கறாங்களாம். முடியை மட்டும் கட்டையா வெட்டிக்கோணும்னாங்க, கம்பியில மாட்டுமாம்." கொடியை விட்டாள். உடம்பு வலப்பக்கமாகச் சாய்ந்தது; சாய்ந்தது தெரியாமலே நின்றாள். "நீங்க வேலையை முடிங்க சித்தப்பா. அப்பா தாங்கமாட்டாரு."

உள்ளே மயிலாத்தாள் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள், அகப்பை வட்டமாகப் போய் வந்தது. சென்னியப்பன் நிலைப்படியில் நின்றான்.

"அண்ணி. பூரணி சொல்றதைக் கேட்டீங்ளா?"

"காது நல்லாத்தான் இருக்குது."

"நான் என்ன பண்ணட்டும்னு சொல்லுங்க."

அகப்பை நின்றது. "என்னையக் கேக்காதீங்க தம்பி. புருசனா புள்ளையான்னு ஒரு பொம்பளைகிட்ட வந்து நின்னு கேக்கப்படாது." அவள் திரும்பவில்லை. "தட்டு செஞ்சு குடுத்தாங்க. கொடை குடுத்தாங்க, கம்பளி குடுத்தாங்க. சுத்தறதுக்கு வேணும்கறதை அத்தனை பேரும் கொண்டாந்தாங்க. நிறுத்தறதுக்கு ஒருத்தன் ஒண்ணைக் கொண்டாந்தானா? நான் கொண்டாந்தனா? சோத்தை உருட்டி உருட்டி ஊட்டத்தான செஞ்சேன்." கஞ்சி அடிபிடிக்கும் வாசம் வந்தது. மறுபடி கிண்டினாள். "நீங்க எதைப் பண்ணினாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க. சாகற வரைக்கும் சொல்லாதீங்க. போங்க."

கூட்டுக்கு முழுதும் ஒரே சூடு ஏற்ற, ஊரில் ஓர் அடுப்புதான் இருந்தது. பேருந்து நிற்கும் இடத்தில் பேக்கரி வைத்திருந்த வர்கீஸ், தட்டு நிறைய தேங்காய் பன்னோடு நின்று யோசித்தார்.

"எண்ணெ வாசம் பன்னில் கேறிப்போகுமே."

"இத்தனை வருசமா உங்க பன்னுல வேற என்ன வாசம் இருந்துச்சு சேட்டா?"

"அதுவும் சரிதான்" என்று பன்னை இறக்கினார்.

நல்ல நேரம் பார்த்து, காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் என்று கமிட்டி குறித்தது. பேக்கரி வாசலில் மேளம் வந்தது. சந்தைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், நாலு பேர் தோளில் நாச்சிமுத்துவின் கட்டில் வந்து, பேக்கரிக்கு முன்னால் இருந்த புங்கமரத்தைச் சுற்றி வட்டமாக ஓட ஆரம்பித்தது. பூரணி கட்டிலோடு ஓடினாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். மைதானத்தில் புது எண்ணெய் நிரப்பிய விமானம், எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டையோடு, மாலை போட்டுக் காத்திருந்தது.

"சித்தப்பா," என்று பூரணி கட்டிலோடு ஓடியபடியே கத்தினாள், "அப்பா கேக்கறாங்க, இன்னும் எத்தனை நேரம்னு!"

"சித்த நேரந்தான் கண்ணு." சென்னியப்பன் வையாபுரியிடம், "உள்ள யாரும் வரப்படாதுங்க. கதவு தொறந்து காத்து பட்டாச் சூடு போயிரும்" என்றான். வையாபுரி உடனே வாசலை மறித்து நின்றுகொண்டார். வர்கீஸும் வெளியே போனார்.

அடுப்புக்குள் தட்டின் நடுவில் கூடு மட்டும் தனியாக இருந்தது. தண்டை எப்படியோ உருவி எடுத்திருந்தான், பேரிங்குகள்தான் பாக்கி. பிசினாய் இறுகிய பழைய விளக்கெண்ணெய் முதலில் இளகிப் புகைந்தது, பிறகு மஞ்சள் கருகும் வாசம், பிறகு பால் கருகும் வாசம், கடைசியில் வெறும் உலோகத்தின் வாசம். சென்னியப்பன் தட்டை இழுத்து, விரலை ஈரப்படுத்தி ஒரு சொட்டு உதறினான். சொட்டு சீறி ஓடி மறைந்தது. கரித்துணியால் கூட்டை எடுத்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மாவு பிசையும் பலகையின்மேல் தட்டினான். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினான். "டொக்" என்று பின்பக்கத்துப் பேரிங், அடம்பிடித்த பிள்ளை ஒரு நொடியில் மனம் மாறி இடுப்பைவிட்டு இறங்குவதுபோல, பலகையில் விழுந்து உருண்டது. முன்பக்கத்துச் சின்னதை ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டுத் தட்டினான், அதுவும் விழுந்தது. இரண்டும் மஞ்சளும் செம்மையுமாகத் துரு பூத்திருந்தன. கூட்டின் உள்ளே, அவை உட்கார்ந்திருந்த இடம், குழந்தை கையின் வளையல் தடம்போல வழவழப்பாகவும் சுத்தமாகவும் இருந்தது.

புதிய பேரிங்குகள் வர்கீஸின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள், சுருங்கட்டும் என்று காலையிலேயே வைத்தபடி இருந்தன. கையை நீட்டினால் எட்டும். எடுத்து உள்ளே விட்டால் ஒரு தட்டுக்கூட வேண்டியிருக்காது, தானாக நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கையால் எத்தனையோ தடவை செய்த வேலை.

வெளியே மேளம் ஏறியது. கட்டில் தூக்கியவர்களின் காலடி தம் தம் என்று மரத்தைச் சுற்றிப் போய் வந்தது. அந்தக் காலடிகளுக்கு நடுவில் கொஞ்சம் லேசான ஒரு காலடி, வலப்பக்கம் அழுத்தமாக விழும் காலடி, போய்ப்போய் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கட்டில் பேக்கரி ஜன்னலைத் தாண்டும்போது நாச்சிமுத்துவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்கள் சென்னியப்பனைக் கண்டுபிடித்து, பிடித்து, விட்டன. அடுத்த சுற்றில் மறுபடி பிடித்தன. அவர் சிரித்தார் என்று நினைத்தான். அதற்கடுத்த சுற்றில் பார்த்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தார், தூரத்தில் வரும் பேருந்தைப் பார்த்துவிட்ட கிழவரைப் போல.

"ஆச்சுங்ளா சித்தப்பா?" ஜன்னலைத் தாண்டி ஓடிக்கொண்டே பூரணி கேட்டாள்.

அப்போதுதான் மாமாவின் மறுபாதி வந்தது. வெற்றிலைச் சாறும் கிணற்றுமேட்டுக் கூச்சலுமாக, முழுசாக, ஒரு சொல் குறையாமல் வந்தது. "ஆனா, உட்டதுக்கு அப்பறம் நேரம் இருக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. வெச்சதை வெச்சுப்போடோணும். ஆறிப்போச்சுன்னா, அப்ப உள்ள எது இருக்குதோ அதுதான் இருக்கும்."

கூடு இன்னும் சூடாகத்தான் இருந்தது. துணி வழியாக உள்ளங்கையைச் சுட்டது.

சென்னியப்பன் பலகையில் கிடந்த துருப்பிடித்த பழைய பேரிங்கை எடுத்து, கோணலாகக் கூட்டுக்குள் வைத்து, அது ஆறும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.